உன்ற தண்ணி யாருகிட்ட

மார்ச் 3, திங்கள்

இது போர் போடும்போது எத்தனையாவது அடியில் என்ன மண் வந்தது என்று எழுதி வைக்கிற நோட்டு. பதினோரு குழிக்கு எழுதியிருக்கிறேன். பதினொன்றிலும் கடைசி வரி ஒன்றுதான்: உப்புத் தண்ணீர். மீதிப் பக்கங்கள் வெறுமனே கிடப்பானேன் என்று இன்றிலிருந்து என் பாட்டை எழுதுகிறேன்.

பெயர் சென்னியப்பன். வயது ஐம்பத்து நான்கு. ஊர் திருச்செங்கோடு. முப்பது வருடமாகப் போர் வண்டியில் பிழைப்பு. இந்த மர்ஹாத் பாலையில் குடிதண்ணீர் எடுத்துத் தருகிறோம் என்று எங்கள் கம்பெனி வாய் கொடுத்து மாட்டிக்கொண்டது. இரண்டு வருடம் துளைத்தோம். போன மாதம் எல்லாரையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, வண்டியைப் பார்த்துக்கொள்ள என்னை மட்டும் விட்டுவைத்தார்கள். இப்போது வண்டியும் வேண்டாம், நீ மட்டும் வந்து சேர் என்று தகவல். வந்து சேர ரோடு இல்லை. மணல் மூடிவிட்டது. இங்கே ரோடு என்பது வருடத்துக்கு இரண்டு முறை காணாமல் போகிற சாமான்.

தல்பூஸ் துறைமுகம் போனால் கப்பல் உண்டு. அங்கே போக ஒரே வழி, இஸ்வார் வியாபாரிகளோடு ஒட்டகத்தில் போவது. உப்புப் பாளமும் பிசினும் ஏற்றிக்கொண்டு போய், துணியும் தேயிலையும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர்கள். பதினெட்டு நாள் ஆகும் என்றார்கள். விலையைப் பற்றி இவர்கள் சொல்வதில் முக்கால்வாசி பொய். ஆனால் தூரத்தைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் இந்த இரண்டு வருடத்தில் ஒரு இஸ்வார்கூட என்னிடம் பொய் சொன்னதில்லை. ஆகையால் பதினெட்டு நாள் என்றால் பதினெட்டு நாள்தான்.

சாமான் கட்டும்போதே வம்பு வந்துவிட்டது. தம்ரா என்று ஒரு பொம்பளை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், மூக்குப்பொடி போடுகிறவள். மூன்று ஒட்டகம் வைத்துச் சொந்தமாக வியாபாரம். என்னுடைய இருபத்துநாலு இன்ச் பைப் ரெஞ்சைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டு கைப்பிடி பிசின் தருகிறேன் என்றாள். எதற்கு என்று கேட்டேன். சொல்லமாட்டாளாம், சொன்னால் நான் விலையை ஏற்றிவிடுவேனாம். இருபது வருடம் என் கையில் இருந்த ரெஞ்சு அது. தரமாட்டேன் என்றேன். "உன்ற கைக்கு வயசாயிருச்சு, இரும்புக்கு ஆகல" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்து நன்றாகவே கத்திவிட்டேன்.

இவர்கள் பாஷையில் 'நீங்கள்' கிடையாது. எல்லாரும் எல்லாரையும் நீதான். என் காதில் எங்கள் ஊர்ப் பேச்சாக விழுகிறபடியே எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

கிளம்பியாயிற்று. இருபத்திரண்டு பேர், அறுபது ஒட்டகம். தலைவர் கோர்மு. ஒல்லியான மனிதர், ஒரு கண்ணில் பூ விழுந்திருக்கிறது. மீதிக் கண்ணால் எல்லாரையும் எண்ணிக்கொண்டே இருக்கிறார்.

கிளம்புமுன் ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் பை கொடுத்தார். ஆட்டுத்தோல், பத்துப் பன்னிரண்டு லிட்டர் பிடிக்கும். நான் என் பையை என் ஒட்டகத்தில் மாட்டப் போனேன். கோர்மு கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பாலையில் யாரும் தன் தண்ணீரைத் தான் சுமக்கக் கூடாதாம். என் தண்ணீரை இன்னொருவர் சுமப்பார். அவர் தண்ணீரை நான் சுமக்க வேண்டும். குடிக்க வேண்டுமானால் அவரைக் கேட்டு, அவர் கையால் வாங்கித்தான் குடிக்க வேண்டும். பயணம் முடிகிறவரை அப்படித்தான்.

எனக்கு ஜோடி யார் என்று பார்த்தால், தம்ரா.

"நேத்துத்தான் எனக்கும் அவளுக்கும் சண்டை" என்றேன்.

"அதுக்குத்தான் சேத்தினேன்" என்றார் கோர்மு. "சிநேகிதங்களச் சேத்தா பேசிக்கிட்டே பின்னால நின்னுருவாங்க. சண்டைக்காரங்க ஒருத்தர் மேல ஒருத்தர் கண்ணு வெச்சுக்கிட்டே வருவாங்க."

பொழுது சாய்ந்ததும் கூடாரத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். "இல்வான், உன்ற தண்ணி யாருகிட்ட?" "என்ற தண்ணி சாவூத்கிட்ட." இப்படியே இருபத்திரண்டு பேர். என் முறை வந்தபோது, "என்ற தண்ணி தம்ராகிட்ட" என்று பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒப்பித்தேன். பின்னால் நின்ற அவள் சிரித்தது கேட்டது.

மார்ச் 5, புதன்

தொடை இரண்டும் உரசிப் புண்ணாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன். ரொட்டியில் பாதி மணல். செருப்பு வார் பிய்ந்து கம்பி போட்டுக் கட்டினேன்.

ஒன்றை எழுதாமல் விட்டேன். சாக்குப் பைக்குள், வேட்டியில் சுற்றி, ஒரு கூஜா இருக்கிறது. எவர்சில்வர், திருகு மூடி, மூன்று லிட்டர். ஊரிலிருந்து கிளம்பும்போது என் சம்சாரம் பூங்கோதை கொடுத்தது. "எங்க போனாலும் உங்க தண்ணிய நீங்களே கொண்டு போங்க, கண்ட எடத்துல குடிக்காதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அதை நிரப்பி எடுத்து வந்திருக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை. இதிலென்ன தப்பு? பஸ்ஸில் சேலம் போனாலே கையில் தண்ணீரோடு போகிற ஜனம் நாங்கள். அவர்கள் பழக்கம் அவர்களுக்கு. முன்பின் தெரியாத பொம்பளை கையில் உயிரைக் கொடுத்துவிட்டு என்னால் தூங்க முடியாது.

தம்ரா இன்று இரண்டரைக் கைப்பிடி என்றாள். தரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்று ஒரு சமாதியைக் கடந்தோம். கல் குவியல்தான். நடுவில், படுத்திருப்பவரின் கைகள் இருக்கும் இடத்தில், ஒரு தண்ணீர்ப் பை காய்ந்து சுருங்கிக் கிடந்தது. இல்வான்தான் சொன்னான். இந்தக் கூட்டத்திலேயே வாய் ஓயாதவன் இவன். இறந்தவரைப் புதைக்கும்போது மட்டும் அவர் தண்ணீரை அவர் கையிலேயே வைத்துவிடுவார்களாம். "உசுரோட இருக்கறவன் தன் தண்ணியத் தானே வெச்சிருக்க மாட்டான்" என்றான், ஏதோ சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற மாதிரி.

அவன் போன பிறகு சாக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தேன்.

மார்ச் 8, சனி

ஒட்டகம் என் தோளில் கடித்துவிட்டது. தம்ரா சாம்பல் வைத்துக் கட்டிவிட்டு, கட்டுக் கூலியாக ரெஞ்சைக் கேட்டாள்.

மார்ச் 10, திங்கள்

இன்று பார்த்ததை ஊரில் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒரு மேடு, அதன் மேல் பெரிய கல். கல்லடியில் நாற்பது ஐம்பது மூட்டை. தோல், கம்பளி, ஒரு தையல் மிஷின்கூட இருந்தது. காவல் இல்லை, பூட்டு இல்லை. ஒட்டகம் நொண்டியானால் சுமையை இங்கே இறக்கிவிட்டுப் போவார்களாம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து வந்து எடுத்துக்கொள்வார்களாம். தையல் மிஷின் மூன்று வருடமாக இருக்கிறது. சொந்தக்காரி பிரசவம், அடுத்த பிரசவம் என்று வர முடியவில்லை என்று இல்வான் சொன்னான். போகிற வருகிற ஒவ்வொரு கூட்டமும் அதற்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போகிறது. தம்ராவும் இறங்கி, மண் தட்டி, இரண்டு சொட்டு விட்டாள். கைச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

போர் வண்டியில் ராத்திரி டீசல் காணாமல் போகாத ஊர் ஒன்றை நான் பார்த்ததில்லை. இவர்களைத்தான் இரண்டு வருடமாக ஏமாற்றுக்காரர்கள் என்று வைதுகொண்டிருந்தேன்.

கிணறும் வந்தது. நூற்று எண்பது அடி ஆழம், கையால் தோண்டியது. நல்ல தண்ணீர். எங்கள் ஆறாவது குழி இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் போட்டோம். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

கூஜாத் தண்ணீரையும் மாற்றி நிரப்பிக்கொண்டேன், யாரும் பார்க்காதபோது.

மார்ச் 11, செவ்வாய்

கோர்முவிடம் கேட்டேன். ஒட்டகம் ஓடிவிட்டால், வழி தவறிவிட்டால், தண்ணீர் வேறொருவரிடம் இருந்து என்ன பிரயோஜனம்?

"ரெண்டு பேரும் கடைசியாத் தண்ணி குடிச்ச எடத்துக்குத் திரும்பி வரோணும். அவன் தண்ணி உன்கிட்ட, உன்ற தண்ணி அவன்கிட்ட. வராம என்ன பண்ணுவீங்க? கூட்டம் அடுத்த கெணத்துல ரெண்டு நாள் நிக்கும்."

"தன் தண்ணிய வெச்சிருந்தா அவனவன் பொழைச்சுக்குவானில்ல?"

"தன் தண்ணி வெச்சிருக்கறவன் தனியாப் போயிருவான்" என்றார். 

மார்ச் 14, வெள்ளி

இரண்டு நாள் எழுதவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் காற்று ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் என் கை எனக்குத் தெரியவில்லை. ஒட்டகம் மிரண்டு ஓடியது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். மதியம் காற்று நின்றபோது சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. ஒட்டகமும் நானும், சேணத்தில் தொங்கிய தம்ராவின் தண்ணீர்ப் பையும்தான்.

காலையில் தண்ணீர் குடித்த இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். வடக்கே ஒரு மூன்று மணி நேரம். அது எனக்குத் தெரியும். ஆனால் கூஜாவில் மூன்று லிட்டர் இருந்தது, சாவிக்கொத்தில் திசைகாட்டி இருந்தது, அடுத்த கிணறு தென்மேற்கு என்று கேட்டு வைத்திருந்தேன். பின்னால் போய் ஒரு கிழவிக்காகக் காத்திருப்பதைவிட முன்னால் போய் எல்லாரையும் கூட்டி வரலாம் என்று தோன்றியது. அப்போது அது ரொம்பப் புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது.

புதன் மீதியும் வியாழன் முழுவதும் போனேன். கிணறு வரவில்லை. வியாழன் சாயங்காலம் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கூஜாவில் இரண்டு வாய் மீதி. தம்ராவின் பையை நான் தொடவில்லை. இதைப் பெருமையாக எழுதலாம் என்று நேற்று வரை நினைத்திருந்தேன்.

இன்று காலை எட்டு மணி இருக்கும். வடகிழக்கில் ஒரு புள்ளி தெரிந்தது. ஒட்டகம் இல்லை, நடந்து வருகிற ஆள். பத்தடி நடக்கும், நிற்கும். பக்கத்தில் வந்த பிறகுதான் தம்ரா என்று தெரிந்தது. முதுகில் என் தண்ணீர்ப் பை. முட்ட முட்ட நிறைந்திருந்தது. வாய்க்கட்டு அவிழ்க்கப்படவே இல்லை.

உதடு இரண்டும் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. என் முன்னால் மண்டி போட்டு, கட்டை அவிழ்த்து, கைகளைக் குவி என்று சைகை காட்டினாள். நான் குடித்தேன். அதன் பிறகுதான் சேணத்தில் இருந்த தன் பையைக் காட்டினாள். என் கையால் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடித்தாள்.

"என்ற பைதானே உன்கிட்ட இருந்துச்சு. ஏன் குடிக்கல?" என்றேன்.

"அது உன்றது" என்றாள். "நீ தண்ணி இல்லாமத் தவிச்சுக்கிட்டு இருப்பீன்னு வந்தேன். அதக் குடிச்சுட்டு என்னத்தக் கொண்டாந்து குடுக்கறது?"

புதன்கிழமை மதியமே அந்த இடத்துக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். ராத்திரி வரை காத்திருந்திருக்கிறாள். நான் வரவில்லை என்றதும், எங்கேயோ விழுந்து கிடக்கிறேன் என்று முடிவு கட்டி, விடிந்ததும் தேட ஆரம்பித்திருக்கிறாள். கல் காட்டில் அவள் ஒட்டகம் கால் முறிந்து விழுந்தது. அதை அங்கேயே முடித்துவிட்டு, என் தடத்தைப் பிடித்து நடந்திருக்கிறாள். அடுத்தவர் தண்ணீரைத் தொடாமல் ஒரு மனிதன் வியாழன் ராத்திரியைத் தாண்டமாட்டான் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை, நான் ஒளித்து வைத்திருந்த கூஜாவைத் தவிர.

குடித்து முடித்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"உன்ற உதடு வெடிக்கலியே" என்றாள்.

 அவள் பார்வை பாறையடியில் கிடந்த வேட்டிக்குப் போனது. அதற்குள்ளிருந்து கூஜா மூடி பளபளத்துக்கொண்டிருந்தது.  எழுந்து போய் அந்த வேட்டியை இழுத்து மூடிவிட்டு வந்தாள்.

மார்ச் 15, சனி

கிணற்றுக்கு வந்து சேர்ந்தோம். நான் போன திசைக்கும் கிணற்றுக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டம் கிளம்ப ஒட்டகங்களை எழுப்பிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் மறுபடி உட்கார வைத்தார்கள். எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். தம்ராவை யாரும் தட்டவில்லை.

கோர்மு அவளிடம், "உன்ற ஆளு எங்க இருந்தான்?" என்று கேட்டார்.

"நான் எடத்துக்குப் போகல. தவற விட்டுட்டேன்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

வேட்டி துவைத்தேன். ஒட்டகப் புண்ணுக்கு மருந்து போட்டேன். நகம் வெட்டினேன்.

மத்தியானம் இல்வான் வந்து உட்கார்ந்தான். எப்போதும் இல்லாத வழக்கமாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு சொன்னான். அடுத்தவர் தண்ணீரைத் தவறவிட்டவருக்கு இஸ்வாரில் ஒரே தண்டனைதானாம். தல்பூஸ் போனதும் அவர் பையின் வாய்க்கயிற்றை எல்லார் முன்னாலும் அறுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் எந்தக் கூட்டமும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. தனியாக யாரும் இந்தப் பாலையைத் தாண்ட முடியாது. ஆக, தம்ராவின் வியாபாரம் தல்பூஸோடு முடிந்தது.

"முப்பத்தஞ்சு வருசம் சுமந்தா. ஒரு சொட்டு விட்டதில்ல" என்றான். "எப்படித் தவற விட்டான்னுதான் எங்களுக்குப் புரியல."

"அவளே ஒத்துக்கிட்டாளே" என்றேன். அப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அவன் போன பிறகு யோசித்தேன். கூஜாவைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். ஆனால் தன் தண்ணீரைத் தானே வைத்திருந்தவன் இவர்களுக்குச் செத்தவன். ஒருவனைச் செத்தவன் என்று சொல்வதைவிடத் தன் பிழைப்பைக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருக்கிறாள். அதுவும் ரெஞ்சு தராத ஒரு கஞ்சனுக்காக.

சாயங்காலம் கோர்மு கூப்பிட்டபோது "என்ற தண்ணி தம்ராகிட்ட" என்றேன். 

மார்ச் 17, திங்கள்

செய்துவிட்டேன்.

கோர்மு என் பெயரைக் கூப்பிட்டார். நான் சாக்கிலிருந்து கூஜாவை எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

"என்ற தண்ணி என்கிட்டயே இருந்துச்சு" என்றேன். "மொத நாள்ல இருந்தே. அவ எடத்துக்கு வந்தா. நான்தான் போகல. இது இருந்த தைரியத்துல தனியாப் போயிட்டேன்."

 தம்ரா முன்னால் வந்து, "வெயில்ல ஒளர்றான்" என்றாள். கோர்மு குனிந்து கூஜாவைத் திறந்து மோந்து பார்த்தார். மூடினார். அவளிடம், "உன்ற கயிறு உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.  தம்ரா பக்கமிருந்த என் தண்ணீர்ப் பையை இரண்டு பேர் கழற்றிக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்திருந்த என் மடியில் அதையும் கூஜாவையும் வைத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு கோர்மு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

செத்தவனை யாரும் கொடுமைப்படுத்துவதில்லை. ரொட்டியைத் தட்டில் வைத்து நாலடி தள்ளி வைக்கிறார்கள். என் ஒட்டகத்தை வரிசையில் கட்டுகிறார்கள். தல்பூஸ் வரை கொண்டுபோய்ச் சொந்த ஜனத்திடம் சேர்த்துவிடுவார்கள். பேசுவதில்லை, அவ்வளவுதான். இல்வான்கூட என்னைத் தாண்டிப் போகும்போது வாயை மூடிக்கொள்கிறான்.

பை நிறையவும் கூஜா நிறையவும் தண்ணீர் இருந்தும் எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடி காற்று அடித்தால் என்னைத் தேடி வர யாருக்கும் காரணம் கிடையாது.

ரெஞ்சை எடுத்துப் போய் தம்ரா படுக்கும் இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் பார்த்தால் என் சாக்கின் மேல் இருந்தது. செத்தவர் பொருள் சொந்த ஜனத்துக்குத்தான் போக வேண்டும் போலிருக்கிறது.

மார்ச் 19, புதன்

இன்றும் அவள் விலை கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

கடைசிக் கிணறு. இங்கிருந்து தல்பூஸ் வரை நாலு நாள், சொட்டுத் தண்ணீர் கிடையாது. வழியிலேயே மோசமான பகுதி இதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் அவர்கள் பொய் சொல்லமாட்டார்கள்.

எல்லாரும் பைகளை நிரப்பி ஜோடி மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் செத்த பிறகு தம்ராவுக்கு ஜோடி இல்லை. கோர்முவே அவள் பையையும் சேர்த்துச் சுமந்து வந்தார். நான் ஓரமாக ஒட்டகத்துக்கு வயிற்றுப் பட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். தம்ரா நிறைந்த பையோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் ஒட்டகத்தின் இடது பக்கம் பையை மாட்டி, முடிச்சைச் சரிபார்த்தாள். வலது பக்கம் தொங்கிய என் பையைக் கழற்றினாள். கூஜாவையும் எடுத்துக்கொண்டாள். இரண்டையும் தன் ஒட்டகத்தில் மாட்டினாள். வயதாகிவிட்டது, பழைய ஞாபகத்தில் செய்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

கோர்மு கூப்பிட ஆரம்பித்தார். பன்னிரண்டாவது பெயர் அவளுடையது.

"தம்ரா, உன்ற தண்ணி யாருகிட்ட?"

"என்ற தண்ணி சென்னிகிட்ட."

கோர்மு நிறுத்திவிட்டார். காது கேட்கவில்லை என்பது போல மறுபடி கேட்டார். அவள் அதையே சொன்னாள்.

"செத்தவன் தண்ணி சுமக்க முடியாது" என்றார்.

"முடியாதுதான்" என்றாள். "என்ற தண்ணி அவன் ஒட்டகத்துல தொங்குது. போயிப் பாத்துக்க. நாலு நாளைக்கு எனக்கு வேற தண்ணி இல்ல. அதனால அவன் செத்திருக்க முடியாது."

கோர்மு அந்த ஒற்றைக் கண்ணால் என் ஒட்டகத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.  வேறு ஆள் கையில் கொடு என்று அவர் சொல்லியிருக்கலாம். என்னை நம்பி நாலு நாள் உயிரை மாட்டுகிறாள், ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்தவள். நான் அவர் இடத்தில் இருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டேன்.

மற்ற பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார். கடைசியில் கொஞ்சம் நிறுத்தி,

"சென்னி, உன்ற தண்ணி யாருகிட்ட?" என்றார்.

பதில் சொல்ல முயன்றேன். அழுகைதான் வந்தது. ஐம்பத்து நாலு வயதில் இத்தனை பேர் முன்னால் தேம்பித் தேம்பி அழுதேன். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் சொல்லும் வரை காத்திருந்தார்கள். மூன்றாவது தடவையில் சொல்லிவிட்டேன்.

திரும்பி வரும்போது தம்ரா மூக்குப்பொடி டப்பியைத் தட்டிக்கொண்டே, "அந்த இரும்புக்கு ரெண்டு கைப்பிடி" என்றாள்.

"ரெண்டரைக்கு வந்திருந்தியே?"

"அது நீ சாகறதுக்கு முன்னால. இடையில பழசாயிருச்சு."

மார்ச் 22, சனி

காற்று லேசாக அடித்தது. தம்ராவின் ஒட்டகத்தை விட்டு என் கண்ணை எடுக்கவில்லை. அவளும் அப்படித்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோர்மு ஏன் சண்டைக்காரர்களைச் சேர்க்கிறார் என்று இப்போது புரிகிறது. நாங்கள் நாள் முழுக்க ரெஞ்சைப் பற்றிச் சண்டை போட்டோம்.

மார்ச் 24, திங்கள்

தல்பூஸ். கடல் தெரிகிறது. மீன் நாற்றம்கூட மணமாக இருக்கிறது.

ரெஞ்சு பேரம் இன்று மூன்று மணி நேரம் நடந்தது. சும்மா வைத்துக்கொள் என்று சொல்ல வாய் வரை வந்தது. பேரம் இல்லாதது இவர்களிடம் செத்தவனுக்குத்தான் என்பதால் அடக்கிக்கொண்டு, நாலு கைப்பிடிக்குக் குறையமாட்டேன் என்றேன். மூன்றேகாலில் முடிந்தது. எதற்கு என்று அதன் பிறகுதான் சொன்னாள். ஆழக் கிணற்றில் தோல் வாளி மிதந்துகொண்டு முங்காமல் நிற்கும். அதன் அடியில் கட்டுவதற்கு. இரண்டு வருடம் தண்ணீருக்காக இரும்பை மண்ணில் இறக்கினேன். என் இரும்பு தண்ணீரைத் தொடப்போவது இனிமேல்தான்.

பயணம் முடிந்தால் ஜோடிகள் பைகளைத் திருப்பிக் கொடுத்துக்கொள்வார்கள். அதோடு தொடர்பு முடிந்தது. அவள் பையை அவள் கையில் கொடுத்தேன். என் தோல்பையை அவள் தந்தாள், வாங்கிக்கொண்டேன். கூஜாவை நீட்டினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"அது உன்கிட்ட இருக்கட்டும் அக்கா" என்றேன். அக்கா என்பதற்கு அவர்கள் பாஷையில் சொல் தெரியாததால் தமிழிலேயே சொன்னேன்.

அவள் கூஜாவை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து, நசுங்கல் இருக்கிறது என்று குறை சொன்னாள். சேணத்தில் மாட்டி, தண்ணீர்ப் பைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டாள்.

கப்பல் பாலம் வரை இல்வான் வந்தான். "நீ என்ன பண்ணியிருக்கேன்னு தெரியுமா?" என்றான். "உன்ற தண்ணி அவகிட்ட இருக்கற வரைக்கும் கோர்மு தினமும் உன்ற பேரக் கூப்பிட்டுத்தான் ஆகோணும். நீ இல்லாட்டி அவ பதில் சொல்லுவா."

"எத்தன நாளைக்கு?"

"தண்ணி அவகிட்ட இருக்கற வரைக்கும்."

ஏப்ரல் 2, புதன்

திருச்செங்கோடு. மலைமேல் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

பூங்கோதை என் சாக்கை வாசலில் கொட்டி, துவைக்கிறது துவைக்காதது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். வேட்டியை உதறினாள். அதிலிருந்து ஒரு பிடி மணல் கொட்டியது. அடியில் கைவிட்டுத் துழாவிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கூஜாவக் காணோம். தண்ணி எங்க இருக்குதுங்க?"

பொழுது அப்போதுதான் சாய்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்றுகொண்டேன்.

"என்ற தண்ணி தம்ராகிட்ட" என்றேன்.